காற்றுக்குக் கோணம் வைப்பவர்கள்

ஆடி மாதம் தென்காசிக்கு வருகிறவருக்குக் காற்றை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் கால் வைத்ததுமே அது எதிரே வந்து நெஞ்சைத் தள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, குற்றாலத்தில் சாரலை இறக்கிவிட்டு, கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் ஈரம் குறைந்து வேகம் குறையாமல் போகிறது. அருவிக்கு வருகிறவர்கள் பார்ப்பது இந்தக் காற்றின் ஒரு பாதியைத்தான். மறுபாதியைப் பார்க்கச் சுரண்டைச் சாலையில் போனேன்.

ஊர்க்காரர்கள் காற்றாலையைக் காத்தாடி என்கிறார்கள். நான் போய் நின்ற காத்தாடி 600 கிலோவாட் இயந்திரம். கோபுரம் 75 மீட்டர். உள்ளே லிஃப்ட் இல்லை, ஏணி மட்டும். அடியில் இரும்புக் கதவைத் திறந்தால் பேனல். பராமரிப்புக்கு வந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் என்னை அதன் முன்னால் நிறுத்தினார்.

“காத்து வந்தா மட்டும் போதாது அண்ணாச்சி. பிளேடு அதுக்குத் தோதா திரும்பணும், பாத்துக்கிடுங்க.”

திரையில் காற்று விநாடிக்கு 9 மீட்டர். மூன்று இறகுகளின் கோணமும் சுழியத்தை ஒட்டி நின்றது. கிடைக்கிற காற்று முழுவதையும் வாங்கிக்கொள்ளும் நிலை அது. சற்று நேரத்தில் மலைப்பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது: 12, 14, 15. கோணம் 3 ஆனது, 6 ஆனது, 8-ஐத் தாண்டியது. உற்பத்தி மட்டும் 600 கிலோவாட்டைத் தொட்டபின் அதை விட்டு அசையவில்லை. மிஞ்சிய காற்றை இறகுகள் தாமாகவே திரும்பி நழுவவிட்டன. காற்றின் வேகம் 25-ஐத் தொட்டால் 90 டிகிரிக்குத் திரும்பி, காற்றுக்கு விளிம்பை மட்டும் காட்டி நின்றுவிடும்.

பந்தயப் பாய்மரப் படகில் பாயை இழுத்தும் தளர்த்தியும் வேகம் எடுக்கும் வித்தையும் இதே குடும்பம்தான். படகு வேகமெடுக்க எடுக்க, அதன் மேல் மோதும் காற்று முன்பக்கமிருந்து வருவதுபோல் திசை மாறும். பாயை அதற்கேற்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பையில் ஓடிய 72 அடி இரட்டை உடல் படகுகளில் துணிப்பாய்க்குப் பதில் விமான இறக்கையைப் போன்ற விறைத்த பாய் இருந்தது. காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் அவை ஓடின. கோணம் பிசகினால் அந்த வேகம் இல்லை. இந்தக் காத்தாடியில் சுழலியின் நடுவிலிருந்து இறகின் நுனிவரை 26 மீட்டர். நிமிடத்துக்கு 24 சுற்று. கணக்குப் போட்டால் நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 235 கிலோமீட்டர். அடிப்பகுதியோ மெதுவாகத்தான் நகர்கிறது. ஆகவே இறகின் ஒவ்வோர் இடத்திலும் காற்று வேறு கோணத்தில் மோதுகிறது. அதற்காகவே இறகை முறுக்கோடு வார்க்கிறார்கள். உயரே காற்று பலமாக வீசுவதால் பாயின் உச்சியையும் அப்படித்தான் சற்று முறுக்கிவிடுவார்கள்.

இயந்திரத்தை ஓடவிடும் முன் மேலே ஏறி இறங்கியிருந்த மற்றவர் அருகில் வந்தார். கையெல்லாம் கிரீஸ், ஹார்னஸ் பட்டை பதிந்த தோளில் சட்டை நனைந்திருந்தது. இறகின் அடியிலும் அது பொருந்தும் ஹப்பிலும் ஒவ்வொரு கோடு இருக்குமாம். இரண்டும் நேர் நேராக நிற்கும்போது பேனல் சுழியம் காட்ட வேண்டும். “ஒரு பிளேடு மட்டும் ஒரு டிகிரி தப்புனா போதும், சுத்துக்கு ஒரு தடவ டவரே ஆடும்” என்றார். அதிர்வு போகப் போக பேரிங்கைத் தின்னும், போல்ட்டைத் தளர்த்தும். பலத்த காற்றில் ஹப்புக்குள் போகக் கூடாது என்பதால், சீசனில் காற்று சற்று அடங்கும் விடிகாலையைப் பிடித்து ஏறுகிறார்கள். ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி வைகாசியிலிருந்து புரட்டாசிக்குள் முடிந்துவிடும். அந்த மாதங்களில் ஒரு நாள் நின்றாலும் நட்டம் நட்டம்தான்.

தொண்ணூறுகளில் வந்த சிறிய காத்தாடிகள் பலவற்றில் இறகு திரும்பவே திரும்பாது. அவற்றின் முன்விளிம்பில் பூச்சியும் தூசியும் படிந்தால் காற்றோட்டம் கலைந்து உற்பத்தி விழும். மழை கழுவிவிட்டால் கொஞ்சம் தேறும்.

தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கியது. 2024-இல் பழைய இயந்திரங்களை மாற்றவும் புதுப்பிக்கவும் மாநில அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. பெரிய இறகுகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் நான் பார்த்த இருவரும் ஒப்பந்த ஊழியர்கள். இந்தக் கணவாய்க் காற்றின் வீச்சு எந்த நேரத்தில் எப்படி வரும் என்று ஏணியில் ஏறி ஏறியே கற்றவர்கள். காற்றாலை முதலாளிகளிடம் கேட்பது இதுதான்: பழைய இயந்திரத்தோடு இவர்களையும் கழித்துவிடாதீர்கள். புதிய கோபுரத்தில் லிஃப்டும் வையுங்கள், இவர்களுக்கு நிரந்தர வேலையும் கொடுங்கள்.