வடித்த சோறு உறையாத நாள்

மங்கோலியர்கள் குளிர்காலத்தை ஒன்பது ஒன்பதாக எண்ணுவார்கள். டிசம்பர் 22 வாக்கில், பகல் மிகவும் குறுகிப்போகும் நாளில் கணக்கு தொடங்கும். ஒன்பது நாள் கொண்ட ஒன்பது பிரிவுகள். மொத்தம் 81 நாள். ஒவ்வொரு ஒன்பதுக்கும் ஓர் அடையாளம் உண்டு. முதல் ஒன்பதில் பாலிலிருந்து வடித்த சாராயம் உறையும். இரண்டாவதில் இருமுறை வடித்த சாராயமும் உறையும். மூன்றாவதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும், நான்காவதில் நான்கு வயதுக் காளையின் கொம்பு. ஐந்தாவதில் வடித்த சோறு உறையாது. ஆறாவதில் பனிக்கு அடியில் கிடந்த பாதை தெரியும். ஏழாவதில் மேடுகளின் தலை தெரியும். எட்டாவதில் மண் ஈரமாகும். ஒன்பதாவதில் வெதுவெதுப்பு வந்து சேரும்.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வேலிக்குள் இருக்கும் பாட்டிதான் இந்தக் கணக்கை விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தார். எமே என்று அவரை அழைப்போம். பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஐந்தாவது விரலுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "அதுவரைக்கும் பொறுத்துக்கொள், மகளே. அதற்குப் பிறகு உன் சோற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்றார்.

நான் தூத்துக்குடிக்காரி. மார்கழிக் காற்றுக்கே காதைப் பொத்திக்கொள்ளும் ஊர். ஆனால் எங்கள் ஊரைக் காத்து நிற்பவள் பனிமய மாதா. ஆகஸ்ட் 5-ஆம் தேதி திருவிழா; வேர்வை வழிய வழியக் கூட்டத்தோடு நின்று அவளை அழைத்துச் செபமாலை சொல்லி வளர்ந்தவள் நான். அப்படி அழைத்த எங்களில் பனியைப் பார்த்தவர்கள் யார்? துறவற சபை என்னை மங்கோலியாவுக்கு அனுப்பிய ஆண்டு, அக்டோபர் மாதக் காலை ஒன்றில் முற்றத்தில் முதல் பனி விழுந்தது. உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சிறுவயது முதல் பேர் மட்டும் கேட்டு வளர்ந்த உறவுக்காரரை முதன்முதலாக நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. தனியாக வந்திருக்கிறேன் என்ற பயம் அன்றைக்குப் போய்விட்டது.

நாங்கள் இருக்கும் இடத்தைக் கெர் குடியிருப்பு என்பார்கள். கெர் என்பது கம்பளிப் போர்வை போர்த்திய வட்ட வீடு. பின்னல் மரச்சட்டச் சுவர், நடுவில் இரண்டு தூண், உச்சியில் வெளிச்சம் வரும் வளையம், தெற்கு நோக்கிய கதவு, நட்டநடுவில் அடுப்பு. மேய்ச்சல் நிலத்தில் ஒரே நாளில் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாம். நகரத்து மேடுகளில் அதே வீடுகள் பலகை வேலிக்குள் நிலையாக நின்றுவிட்டன. கடுங்குளிரில் மந்தையை இழந்த குடும்பங்கள் தலைநகருக்கு வந்து இப்படிக் குடியேறுகின்றன. அந்தப் பேரழிவுக் குளிருக்கு மங்கோலியர் வைத்திருக்கும் பெயர் ட்ஸூட். 2023-24 குளிரில் மட்டும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன. எமேயின் குடும்பம் அதற்கு முன்பே, 2010-இன் ட்ஸூடில் மந்தையை இழந்து வந்தது.

இங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது. தெருமுனைத் தண்ணீர்க் கொட்டகைக்குக் கேனை இருசக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சிந்திய தண்ணீர் அந்த இடத்திலேயே கட்டியாகிக் கிடப்பதால் கொட்டகை வாசலில் எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்போம். அதிகாலையில் முதல் வேலை அடுப்பு. இரவில் போட்ட கரி மூன்று மணிக்கெல்லாம் அணைந்துவிடும். வெளியே முப்பத்தைந்து டிகிரி உறைகுளிர்; உள்ளே குடத்துத் தண்ணீர் மேலே ஏடு கட்டியிருக்கும். சாம்பலை வாரி, அழுத்திய கரிக்கட்டிகளை அடுக்கிப் பற்றவைப்பேன். பதப்படுத்தாத நிலக்கரியைத் தலைநகர வீடுகளில் எரிக்க 2019-இல் தடை வந்தது. அதன் பிறகும் குளிர்காலக் காலைகளில் பள்ளத்தாக்கு முழுவதும் புகை படுத்துக் கிடக்கிறது. நெருப்பு பிடித்த பிறகுதான் எங்கள் காலைச் செபம். எங்களில் ஒருவர் கொரியாவிலிருந்து வந்தவர், இன்னொருவர் கென்யாவிலிருந்து. மூவருக்கும் பொதுவான மொழி மங்கோலியம் மட்டுமே. சங்கீதங்களை அந்த மொழியில் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் வாய்ப்பழக்கமாக ஓடிப்போன வரிகள் இங்கே என்னை விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் ஒரு பெரிய கெருக்குள்தான். திராட்சை இரசக் குப்பியை அடுப்பின் அருகே வைத்திருந்து, காணிக்கை நேரத்தில் பீடத்துக்கு எடுத்துப் போவோம். தரையில் கம்பளம் விரித்து முப்பது நாற்பது பேர். அதில் பாதிப் பேர் திருமுழுக்குப் பெறாதவர்கள். பாட்டுக்காகவும், அண்டை வீட்டார் கூப்பிட்டதற்காகவும், சூட்டுக்காகவும் வருகிறார்கள். யார் எதற்காக வந்தாலும் வரவேற்பு ஒன்றுதான்.

1992-இல் இந்தக் காலத்தின் முதல் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் மூவர் வந்து இறங்கியபோது, அவர்களை எதிர்கொள்ள ஒரு கத்தோலிக்கர்கூட இங்கே இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டவரான வென்செஸ்லாவ் படில்லா அவர்களுக்குத் தலைவர். பின்னாளில் ஆயராகி, 2018-இல் இந்த மண்ணிலேயே இறந்தார். இன்று நாடு முழுவதும் சேர்த்துச் சுமார் 1,450 பேர். எங்கள் கடற்கரையில் ஒரு சிறு பங்கில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அந்தச் சிறு கூட்டத்தைப் பார்க்கத்தான் 2023 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் வந்தார். தர்ஹான் நகரப் பகுதியில் குப்பைக்குள் ஒரு பெண் கண்டெடுத்து வீட்டில் வைத்திருந்த மாதா சுரூபம் இப்போது வட்டக் கெர் வடிவில் கட்டிய தலைநகரப் பேராலயத்தில் இருக்கிறது. எடுத்தபோது அந்தப் பெண் கிறிஸ்தவர் அல்லர். அது யாருடைய உருவம் என்றும் அவருக்குத் தெரியாது. திருத்தந்தை அவரையும் சந்தித்தார். அந்தச் சுரூபத்தின் முன் மண்டியிடும்போதெல்லாம், யாரும் போதிக்காமலே மாதாவை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட அந்தக் கைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தெருவில் நின்று பிரசங்கம் செய்ய இங்கே முடியாது. வழிபாடும் போதனையும் பதிவு பெற்ற வளாகத்துக்குள்தான். சிறுவர்களுக்கு மறைக்கல்வி என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைப் பலர் பாரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது நல்ல ஆசான். நாங்கள் செய்வதெல்லாம் இவ்வளவுதான்: பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு, வீட்டுப்பாடம் செய்ய ஒரு மேசை, வாரத்தில் சில நாள் வெந்நீர்க் குளியலறையைத் திறந்துவைப்பது. குழாய் இல்லாத குடியிருப்பில் வெந்நீரில் தலை குளித்துவிட்டு வெளியே வரும் ஒரு தாயின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவர்களாகக் கேட்டால், ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், சொல்வோம். சில வீடுகளில் அந்தக் கேள்வி வர ஆண்டுகள் ஆயின. சில வீடுகளில் இன்னும் வரவில்லை. அவர்களுக்கும் தண்ணீர் அதே சூட்டில்தான் வரும்.

நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் வயதானவர்கள் என் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். அது புத்தர் நடந்த மண்ணுக்குச் செய்யும் மரியாதை. 1930-களின் கடைசியில் பல்லாயிரம் துறவிகளைக் கொன்று, மடங்களை இடித்துத் தள்ளிய நாடு இது. 1990-இல் சமயத்துக்குக் கதவு திறந்தபோது இந்தியா தன் தூதராக அனுப்பியது லடாக்கைச் சேர்ந்த பௌத்தத் துறவி குஷோக் பகுலா ரின்போச்சேயை. பத்தாண்டுகள் இங்கே இருந்து, தலைநகரில் ஒரு மடமும் நிறுவினார். அவரிடம் ஆசி பெற்ற நாளை எமே இன்றும் கண்கலங்கிச் சொல்கிறார். அந்தத் துறவி சம்பாதித்து வைத்த அன்பில் ஒரு பங்கு, சிலுவை அணிந்த எனக்கும் கிடைக்கிறது. தகுதிக்கு மீறிய அந்த அன்பைக் கைகூப்பி வாங்கிக்கொள்கிறேன்.

ஆறாவது ஒன்பதில், பாதை தெரியத் தொடங்கிய நேரம், சகான் சார் வந்தது. சந்திரமானப் புத்தாண்டு. ஹார்ஹொரின் பக்கம் இன்னும் மந்தை வைத்திருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு எமே என்னையும் அழைத்துப் போனார். மேற்கே சுமார் 360 கிலோமீட்டர். வண்டியின் சன்னலுக்கு வெளியே வெள்ளை நிலம், மேலே கடும்நீல வானம். இரண்டுக்கும் நடுவே வேலி இல்லை, மரம் இல்லை. எப்போதாவது பனியைக் குளம்பால் விலக்கிப் புல் தேடும் குதிரைகள். கடலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த அகலம் பழக்கமானதுதான். மணிக்கணக்காகப் பார்த்தும் சலிக்கவில்லை.

ஹார்ஹொரின்தான் பழைய காரகோரம், செங்கிஸ்கானின் வாரிசுகள் ஆண்ட தலைநகர். இன்று மிஞ்சியிருப்பவை கல் ஆமைகளும், அந்த இடிபாட்டுக் கற்களையும் கொண்டு 1585-இல் கட்டத் தொடங்கிய எர்தெனே ஸூ மடமும். மடத்து மதிலைச் சுற்றி நடந்தபோது எனக்கு ஒரே நினைவு: 1254-இல் வில்லியம் ருப்ருக் என்ற பிரான்சிஸ்கன் துறவி உயிர்ப்புப் பெருவிழாவைக் கொண்டாடியது இந்த ஊரில்தான். சபை வழக்கப்படி வெறுங்காலில் புறப்பட்டு, கால்விரல்கள் உறைந்துபோனதால் அதை விட்டவர். ஹங்கேரிப் போரில் சிறைபிடிக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்திருந்த பாரிஸ் பொற்கொல்லர் கியோம் பூஷே, அவருக்கு நற்கருணை அப்பம் சுடும் இரும்பு அச்சைச் செய்து கொடுத்தார். அப்போது ஆண்ட மோங்கே கானின் உத்தரவில் கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் எல்லாரும் கூடி வாதம் செய்த சபையிலும் ருப்ருக் பேசினார். அத்தனை தூரம் வந்து அவர் திருமுழுக்குக் கொடுத்தது ஆறு பேருக்கு. அதை அப்படியே எழுதி பிரான்ஸ் அரசருக்கு அனுப்பினார், ஒன்றையும் கூட்டாமல். மறைப்பணியாளர் எழுதிய அறிக்கைகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

அவருக்கு முன்பே இங்கே சிலுவை இருந்தது. மோங்கேயின் தாய் சொர்கக்தானி, கெரெயித் குலத்துக் கிறிஸ்தவப் பெண். கிழக்கத்தியத் திருச்சபை என்று அறியப்பட்ட சிரியாக் மொழித் திருச்சபை அவர்களுடையது. நம் மலபார்க் கரையில் தோமா கிறிஸ்தவர்கள் பாரசீகத்திலிருந்து ஆயர்களைப் பெற்றுக்கொண்டதும் அதே திருச்சபையிலிருந்துதான். மிளகுக் கொடியின் நிழலிலும் இந்தப் பனிவெளியிலும் ஒரே மொழியில் ஒரே காணிக்கைச் செபம் ஒலித்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. ஒரு கல் ஆமையின் பக்கத்தில் நின்று நான் உரக்கச் சொன்னது தமிழ்ச் செபம். மறைப்பணியாளர் பிரான்சிஸ் சேவியர் 1542-இல் எங்கள் கரைக்கு வந்து, தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்லிக்கொடுத்ததும் கர்த்தர் கற்பித்த அந்தச் செபத்தைத்தான்.

அண்ணனின் கெருக்குள் நுழையும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது, இரு தூண்களுக்கு நடுவே போகக் கூடாது, அடுப்பு நெருப்பில் குப்பை போடக் கூடாது. மூத்தவரின் முழங்கைகளுக்குக் கீழே என் கைகளைக் கொடுத்துத் தாங்கி, நீல ஹதக் துணியோடு வணங்கினேன். அவர் என் கன்னத்தை முகர்ந்தார். உப்புப் பால் தேநீர் வந்தது. முழு ஆட்டின் முதுகும் கொழுத்த வாலும் தட்டில் இருந்தன. வெளியே உறையவைத்திருந்த பூஸ்களை மருமகள் அள்ளி வந்து ஆவியில் வைத்தார். ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை என்று சொன்னால் நம்மவருக்குப் புரியும்.

சாப்பிட்டு முடிந்ததும் பெரியவர் கேட்டார்: "உங்கள் ஏசு என்ன மேய்த்தார்?"

"அவர் தச்சர், ஐயா. ஆனால் ஆடு மேய்ப்பவர்களைப் பற்றி நிறையப் பேசினார்" என்றேன்.

"அப்படியானால் ஒன்று சொல்."

நூறு ஆடு வைத்திருந்தவன் கதையைச் சொன்னேன். ஒன்று காணாமல் போகிறது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிறான். அதற்குள் பெரியவரின் கை உயர்ந்தது.

"எங்கே விட்டுப் போனான்?"

"வெட்டவெளியில்."

"ஓநாய் இல்லாத ஊரா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது எமே பேசினார். 2010 குளிரில் பெண்ணாடு ஒன்று திரும்பி வராமல் போனதாம். மகன் தடுத்தும் கேளாமல் இவர் போய், ஓடைப் பள்ளத்தில் அதைக் கண்டு, தன் டெல் அங்கிக்குள் தலையைப் பொதிந்து தூக்கி வந்தாராம். பட்டியில் பத்திரமாக அடைத்து வைத்த மந்தை அந்த வாரத்திலேயே நின்ற இடத்தில் விறைத்துப் போனது. வீட்டுக்குள் அடுப்போரம் கட்டிய அந்த ஒன்று பிழைத்தது.

"எது பத்திரம் என்று யாருக்குத் தெரியும்? தேடிப் போகாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்" என்றார்.

பெரியவர் சற்று நேரம் மூக்குப்பொடிச் சிமிழைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆடு கிடைத்ததா?"

"கிடைத்தது, ஐயா. தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் அண்டை அயலாரை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னான்."

"சொல்லத்தான் வேண்டும்" என்றார் பெரியவர். "அவர்களும் இருட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள் அல்லவா? சொன்னால்தானே வீடு திரும்புவார்கள்."

இந்தக் கதையைச் சிறுபிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறேன். எத்தனையோ தியானங்களில் இருந்திருக்கிறேன். அந்த அண்டை வீட்டாரும் தேடப் போயிருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மருமகள் தேநீரை மறுபடியும் நிரப்பினார். இன்னொன்று சொல் என்றார் பெரியவர். தொழுவத்தில் பிள்ளை பெற்ற தாயின் கதையைத் தொடங்கினேன். "அது என்ன மாதம், ஆடுகள் ஈனும் பருவமா?" என்று அவர் குறுக்கிட்டார்.