தண்டவாளத்தைத் தாண்டிப் போகும் வேன்

கோலாலம்பூரை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வேன்களுக்கு ஏறக்குறைய ஒரே பாதைதான். வெயில் ஏறுவதற்குள் பத்துமலையின் 272 படிகள், பிறகு அரண்மனை வாசல், மெர்டேக்கா சதுக்கம், ஒரு சாக்லேட் கடை, இரட்டைக் கோபுரத்தின் முன் ஒரு படம். பசி எடுத்தால் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட நாமும், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இதே பாதையில்தான் அழைத்துப் போகிறோம். இதில் தமிழர் பக்தியாகவும் சாப்பாடாகவும் வருகிறார்கள். உழைப்பாக எங்கும் வருவதில்லை. இத்தனைக்கும் அந்த உழைப்பைப் பார்க்க வேறு பாதை தேட வேண்டியதில்லை. வேன் அதன் மேலேயேதான் ஓடுகிறது.

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். 1881-இல் மரமும் அத்தாப்புமாக இருந்த ஊரைத் தீயும் வெள்ளமும் அழித்த பிறகு, செங்கல்லால் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சூளைகள் எழுந்த இடம் அந்தப் பேரையே வாங்கிக்கொண்டது. 1886-இல் கிள்ளான் பக்கமிருந்த புக்கிட் கூடாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் பேட்டையானது. ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று பேர்பெற்ற அவர்களின் வரிசை வீடுகளை இடித்தாயிற்று. ரயில்வே யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. 2010-இல் இந்தப் பகுதியை ‘லிட்டில் இந்தியா’ என்று அறிவித்தபோது இரு நாடுகளின் அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் வந்திருந்தார்கள். 2015-இல் இந்தியாவின் அன்பளிப்பாகத் தோரண வாயில் திறக்கப்பட்டது. இப்போது வழிகாட்டி காட்டுவது அந்த வாயிலையும் யானை நீரூற்றையும்தான். இந்தியா என்ற அடையாளத்தைப் புதிதாகக் கட்டிக் காட்டுகிறோம். இங்கே வாழ்ந்தவர்களின் வீடுகளைக் காட்ட வழியில்லாமல் செய்துவிட்டோம்.

பத்துமலையின் கதை வேறு மாதிரி. ‘பத்து’ என்றால் மலாயில் கல். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் மற்ற ஒன்பது மலை எங்கே என்று கேட்டால் அதில் தப்பில்லை. அந்நாளைய தமிழ்ப் பிரமுகர் தம்புசாமிப் பிள்ளை 1891 வாக்கில் இங்கே வேல் நட்டார் என்பதையும், 2006-இல் திறக்கப்பட்ட முருகன் சிலை 140 அடி உயரம் என்பதையும் வழிகாட்டிகள் தவறாமல் சொல்கிறார்கள். அடிவாரத்தில் அரைக்கால் சட்டைப் பெண்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி வாடகைக்குக் கிடைக்கிறது. கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்கு படியிறங்கி வந்து பிடுங்கிக்கொள்ளும். 2018-இல் படிகளுக்கு வண்ணம் பூசியதும் படமெடுக்க வரும் கூட்டம் பெருகியது. அனுமதி வாங்கவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை அதிருப்தி தெரிவித்தது தனிக்கதை. பக்தியைக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி தூக்கியவர்கள் மற்ற நாட்களில் என்ன தூக்கினார்கள் என்பதும் சேர்ந்தால்தானே அந்தப் படிகளுக்கு அர்த்தம்?

முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று டிகிரி வெயிலில், சாயங்கால மழைக்கு முன் ஊரைப் பார்த்து முடிக்க வந்தவனிடம் சரித்திர வகுப்பா எடுப்பது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சென்ட்ரலில் ஏறினால் பத்துமலைக்கு நேரே போகிறது கொமுட்டர் என்ற குளிர்சாதன ரயில். 1910-இன் பழைய கோலாலம்பூர் நிலையத்தில் நின்று, ரயில்வே பட்டறை இருந்த செந்தூலைக் கடந்து மலையடிவாரத்தில் விடுகிறது. வேன் பயணிக்கு அந்த நிலையம் அழகான குவிமாடங்களோடு சரி. ரயில் அடிக்கடி வராது, பத்துப் பேரைக் கட்டி மேய்ப்பவர் நடைமேடையில் காத்திருக்க முடியாது என்றால், வேனிலேயே ஒரு நிமிடம் பேசட்டும். சாக்லேட் கடைக்குத் தாராளமாகவே நேரம் ஒதுக்குகிறார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது: இந்த ஊரைத் தமிழர் மட்டுமா கட்டினார்கள்? இல்லை. சூளைகளின் பேச்சு வந்தால் சீனத் தலைவர் யாப் ஆ லோயின் பேர் வந்தாக வேண்டும். ஈயம் தோண்டியவர்களில் சீனர்களே அதிகம். தமிழர் என்பதும் ஒரே ஆளில்லை. நிலைய அதிகாரியாகவும் கிராணியாகவும் யாழ்ப்பாணத்தார் வந்தார்கள், தண்டவாளத்தில் குனிந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் முன்னவர்கள். இதையெல்லாம் சொன்னால் பெருமை குறையலாம், கதை குறையாது.

கிள்ளான் இந்தப் பாதையிலேயே இல்லை, தூரம் என்பார்கள். அங்கே தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளும் புடவைக்கடைகளும் விட்டுப்போவதைச் சொல்லவில்லை; விட்டுப்போவது வேறொரு கதை. சுற்றிலும் இருந்த பால்மரத் தோட்டங்களில் 1941-இல் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் மாண்டார்கள். அந்தக் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டரும் அதே சென்ட்ரலிலிருந்துதான் புறப்படுகிறது.