என் நோன்பும் அவர் பசியும்

தவக்காலத்தின் 40 நாட்களும் காலையில் உண்பதில்லை என உறுதி பூண்டேன். அம்மா பீடி சுற்றி அனுப்பும் சிற்றுண்டிக் காசு பையில் சேர்ந்தது. பத்தாம் நாள் ஆய்வகத்தில் தலை சுற்றியது. யாரும் அறியாமல் இரண்டு வடை தின்றுவிட்டேன்.

அந்த வெட்கத்தோடு தென்காசியிலிருந்து குற்றாலம் சென்றேன். மாசி வெயிலில் பேரருவி நூலாய் மெலிந்திருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஆளின்றி அமர்ந்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா, தாத்தா?"

"சாரல் விழுந்தாத்தான் வயிறாரச் சோறு, தம்பி. மத்த மாசமெல்லாம் ஒருவேளைதான்."

என் நோன்பு ஈஸ்டரன்று முடியும். அவர் நோன்போ ஆனிச் சாரல் வரை நீளும்! பசித்தவனோடு உணவைப் பகிர்வதே உபவாசம் என்று ஏசாயா 58ஆம் அதிகாரத்தில் படித்தவன்தானே நான்? சேர்த்த காசில் இருவரும் இட்லி உண்டோம்.

மறுநாள் மீண்டும் நோன்பைத் தொடங்கினேன். காசு மட்டும் அதன்பின் என் பையில் தங்கவில்லை.