இடது காலுக்கு வேலையில்லை

நாங்கள் கார் ஓட்டப் பழகியது ஊரில். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், இவைதான் எங்கள் பள்ளிக்கூடங்கள். கார் துள்ளாமல் கிளச்சை விடத் தெரிந்தவன்தான் சாரதி, மற்றவனெல்லாம் வெறுமனே ஸ்ரியரிங் பிடிப்பவன் என்பது அக்காலத்து இலக்கணம். ரொறன்ரோவுக்கு வந்தபின் எங்களில் அநேகர் ஒட்டோமற்றிக் காரிலேயே சோதனைக்குப் போனோம். ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் எந்தக் கியரில் சித்தியடைந்தாய் என்று கேட்பதில்லை. ஆரம்பத்தில் இடது கால் பழக்கதோஷத்தில் இல்லாத மிதியைத் தேடும். சில வேளை அகன்ற பிறேக்கிலே போய் விழும். பின்னால் வருபவன் ஹோர்ணை அமத்துவான். நாளடைவில் கால் அடங்கிவிட்டது. கனடாவில் எங்கள் இடது காலுக்கு வேலையில்லை என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வோம்.

எங்களில் ஒருவருக்கு அது பகிடியல்ல. நாங்கள் அவரை அண்ணை என்றே அழைப்போம். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கார் வைத்திருந்தார். மொறிஸ் மைனர். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அண்ணை. சின்ன பிளாஸ்ரிக் போத்தலிலிருந்து காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்புவது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்றபடியால் அந்தக் கொடுமையைத் தாங்கின. புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் கிடக்க, தாத்தா காலத்து ஒஸ்ரினும் மொறிசும் பிள்ளைப்பேற்றுக்காரரையும் காய்ச்சல்காரரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த இரவில், அந்தக் கார் கைதடி வரைக்கும் வந்தது. அங்கே மண்ணெண்ணெய் தீர்ந்தது. தெருவோரம் விட்டுவிட்டு நடந்தார்கள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிப் போனபோது, சொந்த வளவுக்குள்ளேயே மிதிவெடி. போனது இடது கால், முழங்காலுக்குக் கீழே. "கிளச் கால்தான் போனது" என்று அவரே சொல்வார். நாங்கள் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் நிற்போம்.

இங்கே அவர் பல வருடமாக ஒட்டோமற்றிக் கொறோலா ஓட்டுகிறார். ஒரு குறையுமில்லை. ஆனால் ஒன்ராறியோவின் சின்ன ஊரொன்றில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டதும், எங்களுக்குத் தெரியாமல் போய் முற்பணம் கொடுத்துவிட்டார். "ஓட்டேலாத காரை என்னத்துக்கு அண்ணை வாங்கினியள்?" என்று கேட்டோம். "ஓட்டக்கூடிய மாதிரி நீங்கள் ஆக்கித் தருவியள்தானே" என்றார். எங்களில் இருவர் கராஜில் வேலை செய்தவர்கள், ஒருவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருந்தவர். மறுக்க வழியில்லை.

கால் இழந்தவருக்கும் ஒட்டோமற்றிக் கியருக்கும் உள்ள உறவு புதியதல்ல. கனடாவின் றெஜைனா நகரத்து நீராவிப் பொறியியலாளர் அல்பிரட் மன்றோ 1921இலேயே தானாக மாறும் கியரொன்றை வடிவமைத்து, 1923இல் காப்புரிமையும் பெற்றார். எண்ணெய்க்குப் பதிலாக அமுக்கிய காற்றில் இயங்கியதால் வலுப் போதாமல் அது சந்தைக்கு வரவில்லை. ஜெனரல் மோட்டேர்சின் ஹைட்ராமற்றிக் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்தது. போர் முடிந்ததும் கை கால் இழந்து திரும்பிய படையினருக்காக அதே கார்களை விசேடமாக அமைத்துக் கொடுத்தார்கள். 1946இல் அமெரிக்கக் காங்கிரஸ் அப்படியானவர்களுக்குக் கார் வாங்க 1,600 டொலர் வரை ஒதுக்கியது. எங்கள் ஊரில் மிதிவெடியில் கால் கொடுத்த சனத்துக்கு எந்தப் பாராளுமன்றமும் கார் கொடுத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. அண்ணைக்கு நாங்கள்தான் காங்கிரஸ்.

வேலையைத் தொடங்கியபோது கியர்ப்பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தோம். மைனரில் கியர்ப்பெட்டிக்கு மேலுள்ள தகடு ஆணிகளால் பூட்டியது. கழற்றினால் உள்ளே கை போகும். கிளச்சும் வெறும் தடிகளால் இயங்குவது. ஆனால் அந்தக் காரின் எஞ்சின் 948 சீசீ, 37 குதிரைவலு. ஒட்டோமற்றிக்கில் கிளச்சின் இடத்தில் நிற்பது எண்ணெய் நிரம்பிய ஒரு பெரிய கோளம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றது சுழலுமே, அதுபோல எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைத் தள்ள, கியர் பக்கத்து விசிறி சுழலும். அந்தத் தள்ளலில் கொஞ்ச வலு சூடாகப் போய்விடும். உள்ளே எண்ணெயை அமுக்குகிற பம்பும் தன் பங்கைத் தின்னும். 37 குதிரையில் இத்தனை பேர் பங்கு கேட்டால், மிச்சத்தில் மேட்டில் ஏறுவது எப்படி? எஞ்சினும் கியரும் ஒரே வீட்டிலிருந்து வரவேண்டும் என்று தெரிந்தது.

கார் உடைக்கிற யாட் ஒன்றில் சுசுக்கி சைட்கிக் கிடைத்தது, பின் சில்லுகளை மட்டும் ஓட்டும் வகை. 1.6 லீற்றர், 95 குதிரைவலு, நான்கு வேகத்து ஒட்டோமற்றிக். கியர் மாறும் நேரத்தைத் தீர்மானிப்பது ஒரு சின்னக் கணினி. இந்த வகை வாகனத்தை ரொறன்ரோவுக்கு மேற்கே இங்கர்சொல் ஊரில், ஜெனரல் மோட்டேர்சும் சுசுக்கியும் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையில் 1989 முதல் செய்தார்கள். ஆக, இங்கிலாந்துக் காருக்கு ஒன்ராறியோவில் பிறந்த ஜப்பான் இதயம்.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் பிளவு வந்தது. "எஞ்சினையும் கழட்டினால் பிறகு என்னடாப்பா மைனர்? கோதுதான் மிஞ்சும்" என்றது ஒரு கட்சி. "கோதாவது ஓடட்டுமே" என்றது மற்றது. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1948இல் வெளிவிட்ட கார் 1971 வரைக்கும், 16 லட்சத்துக்கு மேல், ஏறக்குறைய அதே முகத்தோடு வந்தது. ஆனால் எஞ்சின் மூன்று தரம் மாறியது என்று ஒருவர் வாதாடினார். இரண்டு சனிக்கிழமை வேலை நடக்கவில்லை. கடைசியில் அண்ணைதான் வாய் திறந்தார். "கழட்டுங்கோ. ஆனால் கழட்ட முதல் ஒருக்கால் மண்ணெண்ணெயில ஓடவிட்டுப் பாப்பம்."

கடையில் மண்ணெண்ணெய் ஒரு கலன் வாங்கினோம். பெற்றோலில் எழுப்பி, சூடேறவிட்டு, குழாயை மாற்றினோம். எஞ்சின் இருமியது, தட்டியது, பிறகு ஒருமாதிரி நின்று பிடித்தது. வெள்ளைப் புகை ஸ்காபரோ வேலிக்கு மேலாகப் போனது. அந்த மணம் வந்ததும் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கார் எரிகிறதா என்று கேட்டார். இல்லை என்று கையசைத்தோம். அண்ணை தன் கையாலேயே எஞ்சினை நிறுத்தினார். அன்று பின்னேரமே அதைத் தூக்கி வெளியே வைத்தோம்.

அதற்குப்பின் ஒன்றை மாற்ற மற்றொன்று வந்து நின்றது. மைனரின் முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் பின்னே போய் ஒரு குறுக்குச் சட்டத்தில் பொருந்தியிருக்கும். புதிய கியர்ப்பெட்டி பருத்தது என்பதற்காக அந்தச் சட்டத்தை வெட்டினால் கார் குந்திவிடும். ஆகவே பெட்டியை உயர்த்தி, மேல் தகட்டைத்தான் பெருப்பித்தோம். பின்னச்சுக்குப் போகும் சாப்ற்றைப் பட்டறையில் கொடுத்துக் கட்டையாக்கிச் சமநிலை பார்ப்பித்தோம். கியர் எண்ணெயைக் குளிர்விக்க றேடியேற்றருக்கு முன்னால் இன்னொரு சிறு றேடியேற்றர். பழைய மைனரில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு பூட்டியிருக்கும். கணினி அதைப் பொறுக்காது, ஆகவே மின்கம்பிகள் எல்லாம் புதிது. பாக்கிலோ நியூற்றலிலோ அல்லாமல் எஞ்சின் எழும்பாதபடி ஒரு சுவிச். 37 குதிரைக்குப் போதுமாயிருந்த முன் பிறேக் டிறம்கள் 95க்குப் போதா என்று டிஸ்க் பிறேக். கறள் தின்ற தரைத் தகடுகளை இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தோம். மைனர் பிரியர்களுக்காக இப்படியான தகடுகளை 1990களில் இலங்கையின் தெற்கில் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வடக்கில் நாங்கள் ஒரு பற்றறிக்கும் வழியில்லாமல் நின்ற அதே வருடங்கள்.

இவ்வளவும் செய்து கார் இறங்கிய அன்று, தெரு முனை வரைக்கும் போய் நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, சில்லு சுழலவில்லை. கணினியைச் சந்தேகித்தோம், கம்பிகளைச் சந்தேகித்தோம், ஒருவரையொருவர் சந்தேகித்தோம். பிழை எங்களுடைய பழக்கத்தில் இருந்தது. எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பதுபோல, எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கோலை இழுத்துக் கியர் எண்ணெயைப் பார்த்திருந்தோம். நிற்கும்போது கோளத்துக்குள் இருந்த எண்ணெய் கீழே வடிந்து மட்டத்தை உயர்த்திக் காட்டும். இந்தப் பெட்டியைச் சூடேற்றி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்கவேண்டும். பார்த்தோம். ஒரு லீற்றருக்கு மேலே குறைந்திருந்தது. ஊற்றியதும் நகர்ந்தது.

கடைசியாக இலக்கத்தகடு. ஒன்ராறியோவில் 30 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு வரலாற்று வாகனம் என்று தனித் தகடு உண்டு. ஆனால் செய்தவன் செய்தபடி கணிசமான மாற்றமின்றி இருக்கவேண்டும். எங்கள் கட்சிக்காரர் மீண்டும் எழும்பினார்: "பாத்தியளே, சொன்னனான். இனி இது சட்டப்படியும் மைனர் இல்லை." விதியை முழுவதும் வாசித்தோம். வரலாற்றுத் தகட்டோடு ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் கழகச் சுற்றுலாவுக்கும் போகலாம். திருத்தப் போகலாம், விற்கக் காட்டலாம். மரக்கறி வாங்கப் போகமுடியாது. மாறாமல் இருந்தால் மரியாதை, ஆனால் தெருவில் இடமில்லை. அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்குக் கடைக்குப் போகவேணும்" என்றார். பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்து, சாதாரணத் தகட்டையே பூட்டினோம். பழைய எஞ்சினும் கியர்ப்பெட்டியும் எண்ணெய் பூசிச் சாக்குப் போர்த்துக் கராஜ் மூலையில் இருக்கின்றன. எறிவோம் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

முதல் ஓட்டத்துக்கு எங்களில் மூவர் ஏறினோம். மார்க்கம் வீதியால் போய், தமிழ்க்கடையில் முருங்கைக்காயும் தேங்காயும் வாங்கினோம். திரும்பும்போது சிவப்பு விளக்கு. அண்ணை நிறுத்தினார். விளக்கு பச்சையாக மாறுகிற கணத்தில் அவருடைய இடது தொடை மெல்ல எழும்பியதைப் பார்த்தோம். கீழே மிதிக்க ஒன்றுமில்லை, மிதிக்கிற பாதமும் இல்லை. தொடை எழும்பி, ஒரு கணம் நின்று, துள்ளாமல் இறங்கியது. கார் அதுபாட்டுக்கு ஓடியது, தானே கியரை மாற்றிக்கொண்டது. அவர் கவனித்தாரோ தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் கோலை இழுத்து எண்ணெயைப் பார்த்தோம். மட்டம் சரியாக இருந்தது.