'மிகவும்' ஆற்றை சொல்?

சின்னப் பிள்ளைகள் எழுதும்போது எந்தச் சொற்களைக் கூடப் பாவிக்கிறார்கள்? மொழியியல் ஒப்படைக்காக நாங்கள் மூன்று பேர் எடுத்த கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் அனுமதி எடுத்து, தரம் 3, 4 பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளை வாங்கி, பெயர்களை விட்டுவிட்டு, சொல் சொல்லாய் எக்செலில் அடித்தோம். கண் நோகிற வேலை.

அமெரிக்காவில் ஹென்றி ரின்ஸ்லாண்ட் என்பவர் பிள்ளைகள் எழுதிய 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை எண்ணி, 1945இல் ஒரு பட்டியலைப் புத்தகமாக்கினார். இப்படியான பட்டியல்களைப் பார்த்துத்தான் எந்தச் சொல்லை எந்த வகுப்பில் படிப்பிக்கிறது எண்டு முடிவெடுப்பார்கள். எண்ணுக்குள் வராத சொல் பாடப் புத்தகத்துக்குள்ளும் வராது. அதனால்தான் இது வெறும் கணக்கு வேலை இல்லை.

தமிழில் எண்ணுவதே ஒரு தலையிடி. வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து எல்லாம் ஒரு சொல்லா, நாலு சொல்லா? ஒரு சொல் என்று வைத்தோம். பிறகு 'வீட்டை' வந்தது. 'வீட்டைக் கூட்டினோம்' என்றால் பிரச்சினை இல்லை. 'பள்ளிக்கூடம் விட்டு வீட்டை போனேன்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. எங்கட பேச்சில் அது 'வீட்டுக்கு'. கொப்பியில் அதன் மேல் சிவப்புக் கோடு.

முன்னுக்கு வந்த சொற்கள்: நான், எனது, மிகவும், ஆகும். 'எனது செல்லப்பிராணி நாய் ஆகும்.' 'எனது அம்மா மிகவும் அன்பானவர்.' கொப்பிக்குக் கொப்பி அதே வசனம், அதே ஒழுங்கில். நாங்கள் மூன்று பேரும் வாயால் ஒருநாளும் 'மிகவும்' சொன்னதாய் ஞாபகம் இல்லை. எட்டு வயசுப் பிள்ளை எங்க சொல்லப்போகுது? நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது கரும்பலகையை. ரீச்சரிலும் குறை சொல்லேலாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எல்லாற்றை தலைக்கு மேலயும் நிக்குது.

அடுத்த முறை ஆளுக்கொரு வெறும் தாள் குடுத்து, "விருப்பமானதை எழுதுங்கோ" என்றோம். "அக்கா, தலைப்பு?" "எத்தனை வசனம் எழுதோணும்?" தலைப்பும் இல்லை, கணக்கும் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் ஒருவரும் பென்சிலைத் தொடவில்லை. பிறகு தொடங்கினார்கள், நிப்பாட்ட முடியவில்லை.

அந்தத் தாள்களில் 'ஆகும்' காணாமல் போய்விட்டது. பேந்து, கெதியா, வடிவு, அம்மம்மா, போன் எல்லாம் வரிசையாய் வந்தன. 'எங்கட நாய் பஸ்ஸில அடிபட்டிட்டுது. பேந்து நான் சோறு சாப்பிடேல்ல.' கொப்பியில் 'அப்பா' வந்த இடமெல்லாம் பக்கத்தில் 'அன்பானவர்' இருந்தது. தாளில் 'அப்பா'வுக்குப் பக்கத்தில் 'போன்'. கட்டாரிலும் பிரான்ஸிலும் இருக்கிற அப்பாக்கள்.

எங்களுக்குப் பெரிய வியப்பு 'உது'. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று இலக்கணத்தில் படிக்கிறோம். மற்ற இடங்களில் உகரச் சுட்டு பெரும்பாலும் பேச்சிலிருந்து போய்விட்டது; எங்கட வாயில் இன்னும் இருக்கு. கொப்பிகளில் ஒன்றுகூட இல்லை. தாள்களில் ஒரே ஒரு இடம்: 'உது என்ர பந்து எண்டு சொன்னன்.' எழுதிய பிள்ளையே அதை அழிரப்பரால் பாதி அழித்திருந்தது.

எழுத்துத் தமிழ் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பரீட்சையும் விண்ணப்பமும் அதில்தான். ஆனால் 'வடிவு' எழுதினால் வெட்டு, 'அழகு' எழுதினால் சரி என்றால், பிள்ளை படிக்கிறது சொல்லையா, தன்ர வாயைப் பொத்தவா?

ஒரு பட்டியல் காணும் என்கிறார் விரிவுரையாளர். நாங்கள் கொப்பிக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறோம். வகுப்புச் சுவரில் ஒட்ட ரீச்சரும் கேட்டிருக்கிறா. இரண்டையும் பிரிண்ட் எடுத்தாச்சு. 'வீட்டை' மட்டும் இன்னும் எக்செலில் மஞ்சள் நிறத்தில் கிடக்குது, எந்த வரிசையில் போடுறது எண்டு மூன்று பேருக்கும் சண்டை.