மாடியின் லட்சணம்

எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனம். எட்டுக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி. பொதுச் சொத்து என்றால் அதில் யாருக்கும் அக்கறை இருக்காது என்பது என் எண்ணம். 2022-ஆம் வருஷம் அங்கே சோலார் தகடு பதிக்கப் போவதாகச் சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த மாடியின் மேல் எல்லோருக்கும் எத்தனை பிரியம் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் கூடிற்று. மூன்று கிலோவாட், கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி, ஆக 300 சதுர அடி இருந்தால் போதும் என்று கணக்குச் சொன்னேன். கணக்கு யாருக்கு வேண்டும்?

"தெருவிலேருந்து பார்த்தா எப்படி சார் இருக்கும்?" என்றார் காரியதரிசி. பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்துக்கு ரோஜா வர்ணமும் வெள்ளைக் கரையுமாக முன்னால் நின்று அடித்து முடித்தவர். "இரும்புக் காலை நட்டு, மேலே கறுப்பா நிறுத்தினா, வீடு மாதிரியா இருக்கும்? பட்டறை மாதிரி இருக்கும்!"

இரண்டாம் மாடி அம்மாள் வடாம் காயப்போடும் இடம் போய்விடும் என்றார். பொருளாளரின் மகள் இருப்பது அமெரிக்காவில். அங்கே வாசற்கதவின் நிறத்துக்குக்கூடக் குடியிருப்புச் சங்கத்தின் சம்மதம் வேண்டுமாம். உண்மைதான். ஆனால் அதே தேசத்தில் கலிபோர்னியா மாநிலம் 1978-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டது. சங்கம் அழகைப் பற்றி நியாயமான நிபந்தனை சொல்லலாம்; செலவு மிகவும் ஏறும்படியோ, மின்சாரம் மிகவும் குறையும்படியோ சொல்லக் கூடாது. நான் இதைப் படித்தது கூட்டத்துக்கு மறுநாள். வாதத்துக்கு வேண்டிய விஷயம் எனக்கு எப்போதும் வாதம் முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

அன்று கையில் இருந்தது கோபம் ஒன்றுதான். "மறுபடி ஒரு புயல் வரட்டும். ஊரெல்லாம் இருட்டிலே கிடக்கும்போது என் வீட்டிலேதான் விளக்கு எரியும். எல்லாரும் அங்கேதான் வரப் போறீங்க!" என்றேன். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் மரங்களையும் மின் கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, நாங்கள் ஐந்து நாள் இருட்டில் கிடந்தோம். அதை யாரும் மறந்திருக்கவில்லை. கூட்டம் சற்று அடங்கிற்று.

கடைசியில் ஒரு தீர்மானம் ஆயிற்று. தகடுகள் தெருப் பக்கம் தெரியக் கூடாது. வடமேற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை தூக்கக் கூடாது. இரும்புக் காலுக்கும் ரோஜா வர்ணம். ஒப்புக்கொண்டேன். காலை பத்து மணி வரையில் தொட்டியின் நிழல் இரண்டு தகடுகளின் மேல் விழுந்தது. ஒரு தகடு நிழலில் நின்றால் அந்த வரிசை முழுவதின் வரும்படியும் குறையும். பன்னிரண்டு யூனிட் எதிர்பார்த்த இடத்தில் எட்டு வந்தது. லட்சணத்துக்கு நாள்தோறும் நாலு யூனிட் வரி என்று சொல்லிக்கொண்டேன்.

தகடு பொருத்த வந்த பையனிடம் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் தம்பி, கரண்ட் போயிட்டா இது எரியுமா?"

பையன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "சூரியன் போனால்தான் இது நிற்கும்!" பையன் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான். இந்த வேடிக்கையைப் பிறகு நாலைந்து பேரிடம் நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அவள் பிறந்த ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அவளுடைய தங்கை வீட்டில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் போதும், என் வீட்டில் ஒரு தனி மராமத்து இலாகா நடக்கும். அரிக்கன் விளக்கின் கண்ணாடி சாம்பல் போட்டுத் துலங்கும். தீப்பெட்டி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் போகாது. மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். வானிலை அறிக்கை வந்த அன்றே அண்டா, குடம், வாளி எல்லாவற்றிலும் தண்ணீர். நான் கேலி செய்வேன். "மாடியிலே மூணு கிலோவாட் வைச்சுக்கிட்டு அரிக்கன் விளக்கா?"

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின் மழை சென்னையை முழுக்காட்டிற்று. எங்கள் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில். தண்ணீர் வந்தால் சுலபத்தில் போகாது. தெருவில் இடுப்பளவு. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆறாம் தேதி காலை பளீரென்று வெயில். மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. காரியதரிசி. அவருடைய தாயாருக்கு எண்பத்து மூன்று வயது. நுரையீரல் கெட்டு, ஆக்ஸிஜன் மெஷினோடு இருப்பவர். இரண்டு நாளாகச் சிலிண்டரில் ஓட்டியிருக்கிறார். அதுவும் தீரப் போகிறது. மெஷினைக் கைக்குழந்தையைப் போல் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"வெறும் 350 வாட்தான் சார் இழுக்கும்" என்றார். கடன் கேட்கிறவரின் குரல்.

"அதுக்கென்ன, பத்து மெஷின் ஓடும்!" என்று பிளக்கைச் செருகினேன். ஓடவில்லை. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடினேன். வெயில் தகடுகளின் மேல் கொட்டிக் கிடந்தது.

முக்கால் மணி முயன்று கம்பெனிப் பையனைப் போனில் பிடித்தேன். "சார், வாரியத்துக் கரண்ட் இல்லேன்னா இந்த மாடல் தானா நின்னுடும் சார். பாட்டரி இருக்கிற ஹைப்ரிட் வேற. அன்னிக்கு அம்மா கேட்டாங்களே... நீங்கதான்..."

காரியதரிசி ஒன்றும் சொல்லவில்லை. மெஷினைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

பாட்டியை நாற்காலியில் உட்கார்த்தி நாலு பேராகப் படியில் இறக்கினோம். மீனவர்கள் கொண்டு வந்திருந்த படகு ஒன்று தெருமுனையில் இருந்தது. என் மனைவி பாட்டியின் மருந்துச் சீட்டுகளை உறையில் போட்டு, வாயைச் சணலால் கட்டிக் கொடுத்தாள். படகு திரும்பும் வரையில் கடைசிச் சிலிண்டர் தாங்கியது என்பதற்கு நான் எந்த விதத்திலும் காரணம் அல்ல.

கம்பெனியின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இரண்டு நாள் நின்றது. பிறகு ஒரு லயன்மேன், முழங்கால் தண்ணீரில் ஏணியைச் சாத்தி, எங்கள் தெருக் கம்பத்தில் ஏறினார். கம்பியில் உயிர் இல்லை என்று நம்பித்தான் ஏறினார். என் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போயிருந்தால்? அதற்காகத்தான் அது தானாக நிற்கிறது. நான் ஜன்னலிலிருந்து விலகி உள்ளே வந்துவிட்டேன்.

பாட்டி பத்து நாளில் திரும்பி வந்தார். ஜனவரியில் மறுபடியும் நாற்காலிகள் போட்டோம். ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பாட்டரியும் எட்டுப் பேர் செலவில். முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் பொதுவாக ஒரு பிளக். புயல் நாளில் முதல் உரிமை ஆக்ஸிஜன் மெஷினுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. தகடுகளை நிழலிலிருந்து எடுத்துத் தெற்கே, தெருப் பக்கம், சுவருக்கு மேல் உயர்த்தி வைப்பது என்று பிரேரணை கொண்டுவந்தவர் காரியதரிசி. காலுக்கு வர்ணம் அடிப்பதைப் பற்றி யாரோ ஆரம்பித்தார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர்.

என் மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அன்றிரவு நினைத்தேன். அவள் அரிக்கன் விளக்கைத் துடைத்துப் பரண் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்; ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. வடாம் எங்கே காயப்போடுவது என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.