சவுக்கும் சொல்லும்

வித்தை கற்பிக்கும் ஆசிரியர் கடிந்து பேசுதல் நன்றோ, கனிந்து பேசுதல் நன்றோ என்பது பழைய வினா. வீட்டிலும் வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. ஆயினும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. கடியாவிடிற் பிள்ளை கெடும் என்பார் ஒரு சாரார்; கடிந்தாற் பிள்ளை ஒடியும் என்பார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் தத்தம் கட்சிக்குச் சான்றாகத் தாம் கற்ற ஆசிரியரையே காட்டுவர். இவ்வழக்கில் ஆசிரியனும் மாணாக்கனும் அல்லாத மூன்றாவது சாட்சி ஒன்று கிடைக்குமாயின் நலமாகும். அத்தகைய சாட்சி குதிரை என்பது நம் கருத்து. அது முகத்துக்காகப் பேசாது. பொய்ச்சான்று கூறவும் அறியாது.

நாஞ்சில் நாட்டார்க்குக் குதிரை அத்துணைப் பழகிய பிராணி அன்று. ஏருக்கும் வண்டிக்கும் நாம் கண்டது எருதே. விசயதசமியன்று கன்னியாகுமரிப் பகவதியம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளுங்கால், வெள்ளிக் குதிரை வாகனத்தைக் கண்டு மகிழ்கிறோம், அவ்வளவே. ஆதலின் குதிரையேற்றப் போட்டியின் இயல்பைச் சிறிது கூறி மேற்செல்வோம்.

ஒலிம்பிக் பந்தயங்களில் குதிரையேற்றம் மூவகைப்படும். முதலாவது டிரெஸாஜ் என்னும் நடைப் போட்டி. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், குறித்த நடைகளைக் குறித்த இடங்களிற் குதிரை நடந்து காட்டல் வேண்டும். இரண்டாவது தடை தாண்டும் போட்டி. மூன்றாவது, இவ்விரண்டனோடு மேடு பள்ளங்களில் நிலையாக நாட்டிய தடைகளைத் தாண்டி ஓடுதலும் சேர்ந்தது. ஆடவரும் மகளிரும் ஒரே களத்தில் எதிரெதிர் நின்று போட்டியிடுவது இவ்விளையாட்டின் தனிச் சிறப்பு.

நம் தேசத்தார் இவ்வித்தையிற் பின்தங்கியவர் அல்லர். 1982-ஆம் ஆண்டு தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுக்களில் இரகுபீர் சிங் இம்மூன்றாம் வகைப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ஆம் ஆண்டு, பெங்களூர் பவாத் மிர்சா இறுதிச் சுற்றுவரை சென்று 23-ஆம் இடம் பெற்றார். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சீனாவின் ஹாங்சௌ நகரில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா என்னும் நால்வர் நடைப் போட்டியிற் குழுத் தங்கம் வென்றனர். தில்லிக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்து ஆசிய விளையாட்டுக்களில் நம் நாட்டுக் குதிரையேற்றத்துக்குக் கிடைத்த தங்கம் அது. இளமையிலேயே ஊரையும் உறவையும் விட்டு ஐரோப்பா சென்று பயின்றவர்கள் இவர்கள். அத்தகைய பிள்ளைகளுக்குப் பயிற்றாசான் ஒருவனே தந்தையும் நீதிபதியும் ஆவான். அவன் வாய்ச்சொல் அவர்கள் வாழ்வை ஆக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது.

நாம் சில காலம் பெங்களூரில் தங்கியிருந்தபோது, குதிரைப் பயிற்சி நடக்கும் ஒரு திடலின் வேலியருகே காலைதோறும் நின்று பார்ப்பது நமக்கு வழக்கமாயிற்று. அங்கே பயிற்றாசான் இருவர் இருந்தனர். ஒருவருடைய குரல் சாலைவரை கேட்கும். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தடையை நோக்கிக் குதிரையைச் செலுத்தி வருவாள், அவர், "உனக்கு எத்தனை தரம் சொல்வது? உனக்கு இது வராது!" என்று கூவுவார். அச்சொல் கேட்டமாத்திரத்தில் அவள் தோள்கள் உயரும். முழங்கால் சேணத்தை இறுக்கும். கை கடிவாள வாரைப் பற்றி இழுக்கும். முன்னே போ என்று காலாலும், நில் என்று கையாலும் ஒரே காலத்தில் இரு கட்டளை பெற்ற குதிரை, தடையின் முன்னே வந்து நின்றுவிடும். நின்றதற்காக மீண்டும் வசவு. மற்றவர் இரைந்து பேசி நாம் கேட்டதில்லை. குதிரையைத் தம்மிடம் அழைத்து, "உன் இடக்கை இறுகியிருக்கிறது, அதனால் அது இடப்பக்கம் சாய்கிறது. விரலைத் தளர்த்தி மறுபடியும் வா" என்பார். சரியாக வரும்வரை பத்து முறையும் விடமாட்டார். வந்தபின், "இதுதான்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவார். அவரிடம் பயின்றவர்கள் வியர்வையில் நனைந்து போவார்கள். ஆனால் மறுநாள் வருவார்கள். மூன்றாம் வாரத்தில் அச்சிறுமி வரவில்லை. அதே குதிரை வேறொருவரைச் சுமந்துகொண்டு அதே தடையை எளிதாகத் தாண்டிற்று.

இது வெறுந் தோற்றமோ என ஐயுறுவார்க்கு ஒரு சோதனையைக் கூறுவோம். சுவீடன் நாட்டு ஆய்வாளர் சிலர் 2009-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். மனிதர் சிலரைக் குதிரைகளை நடத்தியும் ஏறியும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பலமுறை செல்லுமாறு செய்தனர். கடைசி முறைக்கு முன் அவர்களிடம், நீங்கள் கடக்கும்போது குதிரைக்கு எதிரே ஒரு குடை விரிக்கப்படும் என்று சொல்லி வைத்தனர். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் அதனை எதிர்பார்த்த மனிதருடைய நெஞ்சு விரைந்து துடித்தது. அவரோடு வந்த குதிரையின் நெஞ்சும் விரைந்து துடித்தது. குடையைப்பற்றிக் குதிரைக்கு எவரும் சொல்லவில்லை. அச்செய்தியை அது அறிந்தது தன்னோடு வந்தவருடைய உடலின் வழியாகவே. ஆசிரியர் மாணாக்கர் உள்ளத்தில் விதைக்கும் அச்சம் மாணாக்கரோடு நிற்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்வுண்மை உலகமெல்லாம் காண அரங்கேறியது டோக்கியோவில். ஐந்து வித்தைகள் சேர்ந்த நவீன ஐம்போட்டி என்பதொன்று ஒலிம்பிக்கில் உண்டு. அக்காலத்து அதில் குதிரையேற்றமும் ஒன்று. முன்பின் அறியாத குதிரையைச் சீட்டு விழுந்தபடி பெற்று, 20 நிமிடமே அதனோடு பழகித் தடை தாண்டவேண்டும் என்பது விதி. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் மகளிர் போட்டியில் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் நின்றார். அவருக்கு வாய்த்த செயின்ட் பாய் என்னும் குதிரை முன்னரே வேறொருத்தியிடம் தடை தாண்ட மறுத்திருந்தது. அன்னிகா ஏறியதும் மீண்டும் மறுத்தது. அவர் கண்ணீர் வடித்தபடி சேணத்தில் அமர்ந்திருக்க, வேலியருகே நின்ற பயிற்றாசிரியை கிம் ரைஸ்னர், அடி, நன்றாய் அடி என்று கூவினார்; தாமும் கையை மடக்கிக் குதிரையைக் குத்தினார். குதிரை தேறவில்லை, அன்னிகா 31-ஆம் இடத்துக்கு இறங்கினார், ஆசிரியை எஞ்சிய போட்டிகளினின்று விலக்கப்பட்டார். 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பின் ஐம்போட்டியினின்று குதிரையே நீக்கப்பட்டது. அந்த ஆசிரியை கொடியவர் என்று நாம் எண்ணவில்லை. பல்லாண்டு உழைப்பு ஒரு கணத்தில் வீணாவதைக் கண்ட கலக்கம் அவரைப் பேசச் செய்தது. எனினும் கலங்கிய ஆசிரியரிடமிருந்து கலங்கிய மாணாக்கிக்கும், அவளிடமிருந்து கலங்கிய விலங்குக்கும் அச்சம் இறங்கிச் சென்ற படிகளை அன்று உலகம் கண்டது.

மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற இங்கிலாந்தின் சார்லட் டுஜார்டின் கதையும் இதனைச் சார்ந்ததே. மாணாக்கி ஒருத்திக்குப் பயிற்சி கொடுக்கையில், அவள் ஏறியிருந்த குதிரையின் கால்களில் அவர் ஓயாது சவுக்கால் அடித்த காட்சி 2024-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியாயிற்று. அவர் தம் செயலுக்கு வருந்திப் பாரிஸ் ஒலிம்பிக்கினின்று தாமே விலகினார். பின்னர் ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்கு அபராதமும் பெற்றார். வித்தையில் தலைசிறந்தவர்க்கும் கற்பிக்கும் வித்தை வேறென்பது இதனாற் புலப்படும்.

வேதாகமம் கற்றோர்க்கு இங்கே பிலேயாமின் கழுதை நினைவுக்கு வரும். உருவின பட்டயத்தோடு வழிமறித்து நின்ற தூதனைக் கழுதை கண்டது, தீர்க்கதரிசி காணவில்லை. விலகிய கழுதையை அவன் மும்முறை அடித்தான். கீழ்ப்படியாமை என்று அவன் எண்ணியது உண்மையில் அவன் உயிரைக் காத்த அறிவு. தடையின் முன் நிற்கும் குதிரைக்கும், கணக்கின் முன் திகைத்து நிற்கும் பிள்ளைக்கும் நாம் காணாத காரணம் ஒன்று இருத்தல் கூடும். அடிக்கு முன்னே அதனை வினவுதல் அறிவுடைமை. கிரேக்க நாட்டுச் செனபோன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, குதிரையேற்றம்பற்றித் தாம் எழுதிய நூலில், சினத்தோடு குதிரையிடம் நடந்துகொள்ளலாகாது என விதித்ததும் இக்கருத்துப்பற்றியே.

இனி மறுப்பாளர் கட்சியையும் கேட்போம். கடுஞ்சொல் கேட்டே வெற்றி வீரரானோர் பலர் உளரே என்பர். உளர். ஆனால் அவர்கள் எஞ்சி நின்றவர்கள். திடலை விட்டுப் போனவர்களை எவரும் எண்ணுவதில்லை. அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, பட்டியலும் இல்லை. மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கின்மேல் ஏறி, அசையாத தடையை நோக்கி விரைபவரிடம் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருந்தால் கழுத்தன்றோ முறியும் என்பர். இது மெய். ஆயத்தமாகாத பிள்ளையை நீ ஆயத்தம் என்று புகழ்ந்து அனுப்பும் ஆசான், திட்டுபவனினும் பெருந்தீங்கு செய்தவன். குறையை மறைத்தல் அன்பு அன்று. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவரே. அவரே நட்பின் பயன் சிரித்து மகிழ்தல் அன்று, நெறி தவறும்போது முற்பட்டு இடித்துரைத்தல் என்றும் கூறினார். இரண்டும் ஒருவர் வாக்கே, முரண் இல்லை.

முரண் இல்லாமை எவ்வாறெனின், குறையைச் சொல்வது வேறு, ஆளைக் குறைத்துச் சொல்வது வேறு. நடைப் போட்டியின் நடுவர் எழுதும் மதிப்புத் தாளை நோக்குக. ஒவ்வொரு நடைக்கும் சுழி முதற் பத்து வரை மதிப்பெண் இடுவர். அதனருகே குறையின் காரணத்தை ஓரிரு சொல்லில் குறிப்பர். நடை சீரில்லை, வளைவு போதாது, நின்றது நேராக இல்லை என்றாற்போல அக்குறிப்பு அமையும். அத்தாளில் இரக்கம் இல்லை. நாலுக்குரிய நடை நாலே பெறும். ஆனால் இழிவும் இல்லை. இவன் உதவான் என்றெழுத அதிற் கட்டமே கிடையாது. கண்டிப்பு என்பது இதுவே என்று நாம் துணிகிறோம்.

குதிரையைப் பழக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. கடிவாள வாரைச் சிறிது இறுக்குகின்றனர், குதிரை இணங்குகின்றது, இணங்கிய கணமே வாரைத் தளர்த்துகின்றனர். தான் செய்தது சரியென்று குதிரை அறிவது அத்தளர்ச்சியினாலேயாம். ஓயாது இழுப்பவன் கையில் அதன் வாய் மரத்துப்போம். பின்பு எத்துணை வலிந்து இழுத்தும் பயனில்லை. ஓயாத வசவு கேட்ட செவியும் அவ்வாறே மரத்துப்போவதை நாம் வகுப்பறைகளிற் காணவில்லையா?

நம் நாட்டு அடிமுறை ஆசான்மாரும் இதனை வேறு வகையால் அறிந்திருந்தனர். வர்மத் தானங்களை அறிந்து அடிக்கும் கலையோடு, அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையும் மருந்தும் தடவலும் சேர்ந்தே கற்பிக்கப்படுவது தென்திருவிதாங்கூர் மரபு. மீட்கும் வழி அறியாதவனுக்கு அடிக்கும் வழி சொல்லப்படாது என்பதே அதன் உட்பொருள். நாவையும் ஓர் ஆயுதமாகக் கொள்வோர்க்கு இவ்விதி பொருந்தும்.

இக்கல்லூரியிற் பயின்று சென்றோரிற் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டனர். இன்று பயில்வோரிலும் பலர் மேற்கொள்வர். மற்றையோரும் தம்பிக்கோ மகளுக்கோ என்றேனும் ஒரு நாள் எதனையேனும் கற்பிக்கவே வேண்டும். அன்று பிழை கண்டவிடத்துப் பிழையென்று கூறுவோமாக. எங்கே பிழைத்தது, எவ்வாறு திருந்தும் என்பதையும் உடன் கூறுவோமாக. திருந்திய கணத்தில் வாரைத் தளர்த்துவோமாக. நம் எதிரே நிற்கும் பிள்ளையின் கையிலும் ஒரு நாள் கடிவாளம் இருக்கும். நம்மிடம் பெற்ற சொல்லையே அப்பிள்ளை பிறர்க்கும் வழங்கும்.